பாட்டி வளர்த்த பக்தி
(திருக்குட நன்னீராட்டுப் பெருவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

கோயில் என்றவுடன் வானளாவிய கோபுரம் கண்முன் தோன்றும். அக்கோபுரத்தை எடுப்பித்த அரசன் பெயரைக் கல்வெட்டுக் கூறும். மண்டபம் சமைத்த செல்வன் பெயரைத் தூண் தாங்கி நிற்கும். நிலம் எழுதி வைத்த வள்ளலின் பெயரைச் செப்பேடு காக்கும். ஆனால், கருக்கலில் எழுந்து நீராடி, வாசல் தெளித்துக் கோலமிட்டு, உலையில் அரிசி இடுமுன் சுவாமிக்கென்று ஒரு பிடி எடுத்து வைத்து, பேரப் பிள்ளைக்குக் கைகூப்பக் கற்றுக் கொடுத்த முதியவளின் பெயரை எந்தக் கல்லும் சொல்லுவதில்லை. ஆயினும், அரசர்கள் மறைந்த பின்னும் ஆலயத்தில் விளக்கு அணையாமல் இருப்பது அத்தகைய பாட்டிமாரால் அன்றோ? ஆதலின், இந்நன்னாளில் அவர்களுள் ஒருத்தியை நினைந்து போற்றுதல் பொருத்தமாகும். அவள் பெயர் ரங்கம்மாள். அவள் உள்ளம் நிறைந்த தெய்வம் நாமக்கல்லில் எழுந்தருளியிருக்கும் நாமகிரித் தாயார். அவளுடைய மகள் வயிற்றுப் பேரன், கணித மேதை இராமானுஜன்.

சேலத்திலிருந்து தெற்கு நோக்கி வருவார்க்கு, புன்செய்க் காடுகள் பரந்த சமவெளியின் நடுவே, ஒரே கல்லாக ஓங்கி நிற்கும் குன்றம் ஒன்று காட்சி தரும். அதுவே நாமகிரி. உச்சியிலே கோட்டை, அடியிலே கமலாலயத் திருக்குளம், குன்றின் மேல்புறத்துக் குடைவரையில் நரசிம்மப் பெருமான், கீழ்ப்புறத்துக் குடைவரையில் கார்க்கோடகன் என்னும் அரவின்மேல் அறிதுயில் கொள்ளும் அரங்கநாதன். எட்டாம் நூற்றாண்டில் அதியர் குலத்துக் குணசீலன் என்பான் குடைவித்த கோயில்கள் இவை என்று கல்வெட்டு வல்லார் கூறுவர். நரசிம்மரை நோக்கிக் கைகூப்பிய வண்ணம் 18 அடி உயரமுடைய ஆஞ்சநேயர் மழையிலும் வெயிலிலும் கூரையின்றி நிற்கின்றார்.

இத்தலத்தின் வரலாறு ஈண்டு நினைக்கத் தக்கது. கண்டகி ஆற்றிலிருந்து சாளக்கிராமக் கல்லை ஏந்தி வான்வழி வந்த அனுமன், கமலாலயத்தைக் கண்டு நீராட விழைந்தான். புனிதக் கல்லைத் தரையில் வைத்தலாகாது. அக்குளக்கரையில் நரசிம்ம வடிவத்தைக் காண வேண்டித் தவம் இருந்தாள் திருமகள். அவள் கையில் கல்லைக் கொடுத்து, குறித்த நேரத்துக்குள் வருவதாகச் சொல்லிச் சென்றான் அனுமன். நேரம் கடந்தது; அவன் வரவில்லை. அன்னை கல்லைக் கீழே வைத்தாள். அது குன்றாக வளர்ந்து நின்றது. குன்றில் பெருமான் தோன்றினான் என்பது தல புராணம். பிறர் கொடுத்த சுமையைப் பொறுமையோடு கையில் ஏந்தி நின்றவளுக்கு, அச்சுமையே தெய்வ தரிசனம் ஆயிற்று! குடும்பச் சுமையைக் கையேந்தி நிற்கும் பெண்மக்கள் இத்தாயாரைத் தமக்கு உற்ற துணையாகக் கொண்டதில் வியப்பு என்ன?

ரங்கம்மாள் ஈரோட்டில் வாழ்ந்தாள். அவள் கணவர் நாராயண ஐயங்கார் அங்கே முன்சீப் நீதிமன்றத்தில் அமீனாவாக வேலை பார்த்தார். ஈரோட்டுக்கு 1860களிலேயே இருப்புப்பாதை வந்துவிட்டது. நாமக்கல்லுக்கோ 2013ஆம் ஆண்டில்தான் இரயில் வந்தது. அந்நாளில் ஈரோட்டிலிருந்து தாயாரைத் தரிசிக்க வேண்டுமாயின், காவிரியைக் கடந்து, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, மாட்டு வண்டியிலோ கால்நடையாகவோ செல்ல வேண்டும். காலமும் எளிய காலம் அன்று. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படும் பெரும் பஞ்சம் இப்பகுதியை வாட்டியது. சேலம் மாவட்டம் மிகக் கொடிய துன்பம் உற்ற மாவட்டங்களுள் ஒன்று. பஞ்ச காலத்தில் பானையைக் காத்த தலைமுறையைச் சேர்ந்தவள் ரங்கம்மாள்.

அக்காலத்து இல்லத்தரசியின் ஒரு நாள் எத்தகையது என்பதை இன்றைய இளைஞர் எண்ணிப் பார்த்தல் நலம். நெல்லை உரலில் இட்டுக் குத்த வேண்டும். மாவைத் திருகையில் அரைக்க வேண்டும். கிணற்றுநீரைச் சேந்திக் குடம் குடமாகச் சுமக்க வேண்டும். புகை சூழ்ந்த அடுப்பின் முன் விறகை ஊதி ஊதிக் கண் சிவக்க வேண்டும். பிள்ளைப் பேறும் நோயும் சாவும் வீட்டுக்குள்ளேயே நிகழும். அவற்றுக்கெல்லாம் அவளே மருத்துவச்சி, அவளே செவிலி. இத்தனைக்கும் இடையே விளக்கேற்றவும், நாமம் சொல்லவும், நோன்பு நோற்கவும் அவளுக்கு நேரம் இருந்தது. நேரம் இருந்தது என்பதைக் காட்டிலும், வேலையும் வழிபாடும் அவளுக்கு வேறு வேறாக இல்லை என்பதே பொருந்தும். கை உலக்கையைப் பிடித்திருக்கும். வாய் திருநாமத்தைப் பிடித்திருக்கும்.

ரங்கம்மாள் மீது நாமகிரித் தாயாரின் அருள் வருவதுண்டு என்றும், அப்போது அவள் தாயாரின் மொழியைக் கூறுவாள் என்றும் அக்குடும்பத்தார் நம்பினர். 'உன் மகள் வயிற்றுப் பிள்ளையின் வாயிலாக யான் பேசுவேன்' என்னும் பொருள்பட ஒருகால் அவளுக்கு வாக்குக் கிடைத்தது என்பது அவர்கள் போற்றி வந்த செய்தி. அவள் மகள் கோமளத்தம்மாள் கும்பகோணத்துச் சீனிவாச ஐயங்காருக்கு வாழ்க்கைப்பட்டவள். மணமாகிச் சில ஆண்டுகள் மகப்பேறு இல்லை. நாராயண ஐயங்கார் நாமகிரித் தாயாரை வேண்டிக்கொண்டார். 1887ஆம் ஆண்டு திசம்பர் 22ஆம் நாள், வியாழக்கிழமை, தலைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த கோமளத்தம்மாளுக்கு ஈரோட்டில், அப்பாட்டியின் வீட்டில், ஆண்மகவு பிறந்தது. அக்குழந்தையே இராமானுஜன். அந்நாளைத் தேசியக் கணித நாளாக 2012ஆம் ஆண்டு முதல் இந்திய நாடு கொண்டாடுகின்றது.

வேண்டியது கிடைத்தது, இனி அவ்வீட்டில் துன்பம் இல்லை என்று முடிப்பது கதைக்கு அழகாகலாம். உண்மை அவ்வாறு இல்லை. குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பும் வேளையில், 1889 திசம்பரில், பெரியம்மை கண்டது. அவ்வாண்டில் தஞ்சை மாவட்டத்தில் அந்நோய் ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போயிற்று. இராமானுஜன் பிழைத்தான், முகத்திலே தழும்பு நின்றது. அவனுக்குப் பின் பிறந்த குழந்தைகள் மூன்று, ஒன்றன்பின் ஒன்றாக, ஆண்டு நிறையுமுன்னே இறந்தன. தாயாரையே தஞ்சம் என்று கொண்ட வீட்டில் மூன்று தொட்டில்கள் வெறுமையாயின!

அன்பர்களே! பக்தியின் உரைகல் இவ்விடத்தில்தான் இருக்கின்றது. கேட்டதைக் கொடுத்தபோது தெய்வத்தைப் புகழ்வது எளிது. கொடுத்ததை எடுத்துக்கொண்டபோது என் செய்வது? அங்காடியில் பொருள் சரியில்லையென்றால் அடுத்த கடைக்குப் போகலாம். பக்தியும் அத்தகைய வாணிகமாக இருந்திருக்குமாயின், அவ்வீட்டார் நாமகிரியாளை என்றோ மறந்திருப்பர். அவர்கள் மறக்கவில்லை. 1898ஆம் ஆண்டில் மற்றோர் ஆண் குழந்தை பிறந்தபோது, அதற்கு லட்சுமி நரசிம்மன் என்று நாமக்கல் பெருமானின் பெயரையே இட்டார்கள். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த பின்னும் அதே திருப்பெயரைச் சொல்லி நான்காம் பிள்ளையை அழைத்தார்கள் என்றால், அந்நம்பிக்கையின் வேர் எவ்வளவு ஆழத்தில் ஓடியிருக்க வேண்டும்! அந்த வேருக்கு நீர் வார்த்தவள் ரங்கம்மாள்.

நாராயண ஐயங்காரும் ரங்கம்மாளும் பின்னர்க் காஞ்சிபுரத்தில் வாழ்ந்தபோது, கோமளத்தம்மாள் மகனோடு அவர்களிடம் வந்து தங்கினாள். மூன்று வயது நிரம்பியும் பையன் வாய் திறந்து பேசவில்லை. ஊமையோ என்று வீட்டார் கலங்கினர். அப்போது எழுத்தறிவிக்கும் சடங்கு நடந்தது. தரையிலே அரிசியைப் பரப்பி, பேரனின் கையைப் பற்றி, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிச் சொல்லி எழுதுவித்தார் தாத்தா. பையனின் நாவில் எழுத்துப் பிறந்தது. வீட்டாரின் அச்சம் தீர்ந்தது. உண்ணும் அரிசியே கல்விக்குப் பலகையாக இருந்த அக்காட்சி நினைக்கத் தக்கது. அடுக்களைப் பொருளே அறிவுக்கு வாயில் ஆயிற்று.

பின்னர் அக்குடும்பத்தைத் தொடர்ந்து வந்தது வறுமை. இராமானுஜனின் தந்தையார் கும்பகோணத்தில் சேலைக் கடை ஒன்றில் கணக்கர். மாதம் சுமார் 20 ரூபாய் வருவாய். அது போதாமையால் கோமளத்தம்மாள் கோயில் பஜனையில் பாடி, அதில் கிடைத்த சிறு தொகையையும் வீட்டுச் செலவுக்குச் சேர்த்தாள். வெளியூரிலிருந்து வந்து கல்லூரியில் பயின்ற மாணாக்கரை வீட்டில் தங்க வைத்துச் சோறு சமைத்துப் போட்டாள். தாயிடம் கண்ட பழக்கம் மகளிடம் தொடர்ந்தது; பாடுவது வழிபாடும் ஆயிற்று, பிழைப்பும் ஆயிற்று. அம்மாணாக்கரிடமிருந்த கணித அறிவையெல்லாம் பையன் பதினோரு வயதுக்குள் பருகிவிட்டான் என்பர். வீட்டு வறுமையே அவனுக்குக் குருமாரைக் கொண்டுவந்து சேர்த்த விந்தையைக் காண்மின்!

கும்பகோணம் கல்லூரியில் கணிதம் தவிர ஏனைய பாடங்களில் அவன் தவறினான். உதவிச் சம்பளம் போயிற்று. 1906ஆம் ஆண்டில் சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குச் சென்றபோது, பாட்டியார் வீட்டிலேயே தங்கிப் படித்தான் என்று அவன் வரலாற்றை எழுதினோர் குறிப்பர். அங்கும் தேர்வில் வெற்றி இல்லை. ஊரார் பார்வையில் அவன் உதவாக்கரை. இருமுறை தோற்றுத் திரும்பிய பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறும் ஒதுங்க ஒரு திண்ணையும் கொடுத்துக் காத்தவர்கள் வீட்டுப் பெண்மக்கள். கணித உலகம் அவனைக் கண்டுகொள்வதற்கு நெடுநாள் முன்னரே அவனைக் கைவிடாமல் இருந்தவர்கள் அவர்கள்.

தாள் வாங்கப் பொருள் இல்லை. கற்பலகையில் கணக்குப் போட்டு, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, பலகையை முழங்கையாலேயே துடைத்துவிட்டு அடுத்த கணக்கைத் தொடங்குவான். துடைத்துத் துடைத்து முழங்கை கறுத்துப் போயிற்று என்பர். காலையில் இட்ட கோலத்தைப் பகலெல்லாம் கால்கள் அழிக்க, மறுநாள் விடியலில் சலிப்பின்றி மீண்டும் இடும் பாட்டியின் கையை இது நினைவூட்டவில்லையா? அழிந்துபோகும் என்று அறிந்தே அழகாகச் செய்வது ஒரு தவம். அத்தவத்தை அவன் வாசற்படியிலேயே கண்டு வளர்ந்தான். அவ்வாறு எழுதிய குறிப்பேடுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் உள்ளன. அவற்றுக்கு நிறுவல் கண்டு முடிக்கப் பிற்காலத்துக் கணித அறிஞர்களுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

நாமகிரித் தாயார் கனவில் தோன்றித் தமக்குச் சூத்திரங்களை அருளுவதாக இராமானுஜன் கூறுவது வழக்கம் என்று, அவரை நேரில் அறிந்த சேஷு ஐயரும் இராமச்சந்திர ராவும் எழுதி வைத்துள்ளனர். அவர்களே மற்றொன்றும் கூறுகின்றனர். படுக்கையிலிருந்து எழுந்தவுடன் அவர் அம்முடிவுகளைக் குறித்துக்கொண்டு, விரைந்து சரி பார்ப்பாராம். இவ்விரண்டாம் செய்தி பலராலும் மறக்கப்படுகின்றது. தாயார் சொன்னாள் என்று அவர் சும்மா இருந்துவிடவில்லை. அருளைப் பெற்றதும் பலகையை எடுத்தார், சரிபார்த்தார், உழைத்தார். கேம்பிரிட்ஜில் அவரோடு பணிபுரிந்த ஹார்டி என்னும் பேராசிரியரோ, அவருடைய கணிதத்துக்குத் தெய்வத்தைக் காரணமாகக் கொள்ளவில்லை. அறிவின் வழியே அதனை விளக்க முயன்றார். எக்கொள்கையினர் ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. அருளின்மேல் நம்பிக்கை வைத்துக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கும் பழக்கம் ரங்கம்மாளின் வீட்டில் இல்லை. தெய்வத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே உலக்கையைப் பிடித்த கை அது. அதே பழக்கந்தான் பேரனிடம் பலகையைப் பிடித்தது.

1913 சனவரியில் இராமானுஜன் எழுதிய கடிதத்தைக் கண்டு வியந்த ஹார்டி, அவரை இங்கிலாந்துக்கு அழைத்தார். கடல் கடத்தல் ஆகாது என்பது அக்காலத்து ஆசாரம். தாய் இசையவில்லை. பின்பு கோமளத்தம்மாளின் கனவில், ஐரோப்பியர் சூழ்ந்த அவையில் மகன் வீற்றிருக்கக் கண்டாள் என்றும், அவன் வழியில் தடையாக நில்லாதே என்று நாமகிரித் தாயார் கட்டளையிட்டாள் என்றும் கூறுவர். இராமானுஜனே நண்பரோடு நாமக்கல்லுக்குச் சென்று, கோயிலில் மூன்று இரவுகள் துயின்று விடை பெற்றார் என்று கூறுவாரும் உளர். எவ்வாறாயினும், ஆசாரம் பூட்டிய கதவை அவ்வீட்டுப் பக்தியே திறந்தது. பக்தி மனிதனைக் கட்டிப்போடும் என்று சொல்வார்க்கு இது தக்க விடையாகும். 1914 மார்ச்சு 17ஆம் நாள் அவர் கப்பல் ஏறினார். 1918ஆம் ஆண்டில் இராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். அவ்வாண்டே டிரினிடி கல்லூரியின் ஆய்வறிஞர் பதவியும் பெற்றார். நாமக்கல் தாயாரின் பெயர் அவரோடு உலகெங்கும் சென்றது.

ஆனால், புகழோடு நோயும் வந்தது. 1919ஆம் ஆண்டில் உடல் மெலிந்து தாயகம் திரும்பிய இராமானுஜன், 1920 ஏப்பிரல் 26ஆம் நாள், 32ஆம் வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார். இறுதி நாட்களிலும் படுக்கையில் இருந்தவாறே கணக்கு எழுதினார். வலி தாளாதபோது வெந்நீர் ஒற்றடம் கொடுத்து உடனிருந்தவர் மனைவி சானகி அம்மாள். அப்போது அவருக்கு வயது 21.

ரங்கம்மாள் தொடங்கி வைத்த தொண்டின் கடைசிக் கண்ணி இந்தச் சானகி அம்மாள். நாமக்கல்லுக்குத் தெற்கே, காவிரியின் அக்கரையில், கரூர்ப் பக்கத்து இராசேந்திரம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1909ஆம் ஆண்டில் அக்குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர். கைம்மை என்னும் பெருந்துன்பம் நேர்ந்த பின், அவர் மூலையில் அமர்ந்துவிடவில்லை. பம்பாயில் உடன்பிறந்தார் வீட்டில் இருந்தபோது தையல் கற்றார். சென்னை திரும்பித் திருவல்லிக்கேணியில் குடியிருந்து, தையல் தைத்தும் பிறருக்குக் கற்பித்தும், பல்கலைக்கழகம் அளித்த சிறு உதவித் தொகையோடு வாழ்ந்தார். 1950ஆம் ஆண்டில் தோழி ஒருத்தி இறந்தபோது, அவள் மகனைத் தம் மகனாக ஏற்று, படிக்க வைத்து, ஆளாக்கினார். அவன் பிள்ளைகளுக்குப் பாட்டி ஆனார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, அது எங்கே என்று அம்முதிய அம்மையார் கேட்டது செய்தித்தாளில் வெளிவந்தது. அது கண்டு உலகெங்கும் உள்ள கணித அறிஞர்கள் பொருள் திரட்டி, அமெரிக்கச் சிற்பி ஒருவரைக் கொண்டு, 1980களில் மார்பளவுச் சிலை செய்து அவருக்கு அனுப்பினர். 1994 ஏப்பிரல் 13ஆம் நாள், தமது 95ஆம் வயதில் அவர் காலமானார்.

பார்மின் அன்பர்களே! ஒரு வீட்டில் மூன்று பெண்மணிகள். பாட்டி நம்பினாள், தாய் பாடினாள், மனைவி தைத்தாள். மூவர் கையும் ஓய்ந்ததில்லை. மூவர் கண்ணும் நீரின்றி இருந்ததில்லை. இராமானுஜனின் வாழ்வைப் பற்றிப் பெரிய பெரிய நூல்கள் வந்துள்ளன. அவற்றுள் ரங்கம்மாளுக்குக் கிடைத்திருப்பவை சில வரிகளே. பேரன் பெரும்புகழ் பெற்றமையால் அச்சில வரிகளேனும் கிடைத்தன. சேலம், நாமக்கல் சமவெளியில், அவளைப் போலவே உழைத்து, அவளைப் போலவே தாயாரைத் தொழுது, ஒரு வரியும் இன்றி மறைந்த பாட்டிமார் எத்தனை ஆயிரம் பேர்! தறி ஓடிய வீடுகளிலும், ஏற்றம் இறைத்த தோட்டங்களிலும் அவர்கள் வாழ்ந்தனர். வண்டி கட்டிக்கொண்டு திருவிழாவுக்கு வந்து, கமலாலயத்தில் நீராடி, தாயார் சந்நிதியில் தமக்கென்று ஒன்றும் கேளாது, பிள்ளை குட்டிகளின் பெயரை வரிசையாகச் சொல்லிவிட்டுத் திரும்பினர்.

குடமுழுக்கின்போது வேள்விச் சாலையில் மந்திரம் ஓதிய நீரைக் குடங்களில் ஏந்தி, விமானத்தின் உச்சியில் வார்க்கின்றோம். அந்நீர் கலசத்தை நனைத்து, சுதையை நனைத்து, சுவர் வழியாக இறங்கி, இறுதியில் அடித்தளத்துக் கல்லை வந்து சேர்கின்றது. கலசத்தைக் காண்போர் பலர். அடிக்கல்லைக் காண்போர் இல்லை. ஆயினும், அடிக்கல் அசைந்தால் கலசம் நிற்குமா? குடும்பம் என்னும் கோயிலுக்கு அடிக்கல் பாட்டி.

ஆகவே, இவ்விழாவுக்கு வந்துள்ள அன்பர்கள் வீடு திரும்பியதும் ஒரு சிறு திருப்பணி செய்யலாம். வீட்டில் பாட்டி இருப்பாராயின் அருகில் அமர்ந்து, அவர் பிறந்த ஊர், நோற்ற நோன்பு, பட்ட பாடு ஆகியவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். மறைந்திருப்பாராயின், அறிந்தவரைக் கேட்டு அவர் பெயரையேனும் ஒரு தாளில் எழுதிப் பூசை அறையில் வையுங்கள். பொன்னும் பொருளும் வேண்டாத திருப்பணி இது. ஒரு நாழிகை நேரமும் சிறிது நன்றியும் போதும்.

கையில் தந்த சுமையைக் கீழே போடாமல் காத்து நின்ற நாமகிரித் தாயார், அவ்வாறே காத்து நின்ற எல்லாப் பாட்டிமாரின் வழித்தோன்றல்களுக்கும் உழைக்கும் கையையும் கலங்காத உள்ளத்தையும் அருள்வாளாக!